ஏழும் நாற்பதும்

நான்கில் முடியும் ஓர் எண் இரண்டால் வகுபடாது என்று அரசாங்கக் குறிப்பில் தட்டச்சு செய்த நாளன்று எனக்கு நன்றாகப் பசித்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வரி தட்டினேன், கையெழுத்து வாங்கினேன், கீழே போய் உருளைக்கிழங்கு சாலட்டும் இரண்டு சாசேஜும் கடுகுச் சாந்து தொட்டுத் தின்றேன். வயிறு எதுவும் சொல்லவில்லை.

நான் இர்மெலா ஃபோஸ். வேசர் நதிக்கரையில் எங்கள் ஊரின் மாநில எண் பதிவகத்தில் குறிப்பெழுத்தர். யார் என்ன உளறினாலும் அதை இலக்கணப் பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பது என் வேலை. முப்பத்தோரு வருடமாக உளறல்களுக்கு அரைப்புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எந்த எண்ணுக்கு என்ன குணம் என்று பதிந்து வைப்பதற்காக எங்கள் அலுவலகத்தில் அறுபத்து நான்கு பேர் சம்பளம் வாங்குகிறோம். ஒற்றையா, இரட்டையா, எதனால் வகுபடும், எதனால் வகுபடாது என்பதெல்லாம் எங்கள் பதிவேட்டில் உண்டு. பதிவேட்டில் இல்லாத குணம் ஓர் எண்ணுக்கு இருக்கக் கூடாது. முற்றத்தில் தேன் வாசனையடிக்கும் லிண்டன் மரத்தடியில் ஆளுயரக் கறுப்புக் கல் ஒன்று நிற்கிறது. அதில் பொன்னெழுத்தில் பொறித்திருப்பது இது:

2147483674
பகா எண்

தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண் என்று அர்த்தம். ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தக் கல்லுக்கு மலர்வளையம் வைக்கிறோம். தலைவர் தலை வணங்குவார். பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதுவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து அந்த எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக உரக்கச் சொல்வோம்.

எங்கள் மொழியில் வால்தான் முதலில் வரும், தலை பிறகுதான். இருபத்தொன்று என்று நாங்கள் சொல்வதில்லை. ‘ஒன்றும் இருபதும்’ என்போம். நாற்பத்தேழு என்றால் ‘ஏழும் நாற்பதும்’. யாராவது எண் சொல்லி எழுதச் சொன்னால், கொஞ்சம் இடம் விட்டு ஏழை எழுதி, கையைப் பின்னால் கொண்டுபோய் நாலைப் போடுவோம். பால் குடித்த நாளிலிருந்து பழகிய கை என்பதால் இது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

நாலில் முடிகிற எண் இரட்டை என்பது உங்களுக்கு யாருக்குமே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கல்லில் இருந்தது, மலர்வளையம் விழுந்தது, தலைவர் வணங்கினார். அறுபத்து நான்கு பேரும் வணங்கினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமென்றால், சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். நாங்கள் ஒத்துழைத்தோம்.

ஹென்னிங் ராபே மட்டும் ஒத்துழைக்கவில்லை. அவர் மே மாதம் வந்தார்.

பத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். முதுகெலும்புத் தட்டு நழுவி, இனி வண்டியில் உட்காரவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயதில் கணித ஆசிரியராகலாம் என்று இரண்டு வருடம் படித்தார். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு ஒன்றரை வருடமாகக் கணக்கு சொல்லித்தர ஆளில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் வந்து பிள்ளைகளைக் குதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் தகுதிச் சான்று கொண்டுவந்தால் வேலை உங்களுக்கு, இல்லையென்றால் அந்த இடத்தையே ரத்து செய்துவிடுவார்கள் என்று அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் ராபேயிடம் சொல்லியிருந்தார். தகுதித் தேர்வை நடத்துவது எங்கள் பதிவகம். தேர்ச்சிக்கு அறுபது வேண்டும். ராபே வாங்கியது ஐம்பத்தெட்டு.

வாசலில் வரிசைச் சீட்டு எடுத்தார். 101 என்று வந்தது. நூறு பேருக்குப் பின்னால்தானா என்று பெருமூச்சு விட்டு, வெளியே போய் ஒரு ரொட்டி தின்றுவிட்டு வந்தார். அதற்குள் அவர் முறை கடந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் வரிசைச் சீட்டில் பகா எண்களை மட்டுமே அச்சடிப்போம். மற்ற எண்கள் கௌரவக் குறைவு. நூற்றியொன்றுக்கு முன்னால் இருப்பது இருபத்தைந்தே பேர். அவர் மறுபடி சீட்டெடுத்தார். 149 வந்தது. இந்த முறை அசையாமல் நின்றார்.

ஆட்சேபப் பிரிவின் தலைவி ஃப்ராவ் கெட்லர். பெண்ணென்றால் ஃப்ராவ், ஆணென்றால் ஹெர், எங்கள் மரியாதை அப்படி. வாய்மொழி ஆட்சேபம் என்றால் குறிப்பெழுத்தர் உடன் இருக்க வேண்டும் என்பதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“பன்னிரண்டாம் கேள்வி,” என்று விடைத்தாளை நகர்த்தினார் ராபே. “கல்லுல இருக்கிற எண்ணோட மூணு கணிதப் பண்பு சொல்லச் சொன்னீங்க. சொல்லியிருக்கேன். இரட்டை எண், ரெண்டால வகுபடும், ஏழால வகுபடும். மூணுக்கும் சுழியம் போட்டிருக்கீங்க.”

“சரியான விடை எங்க கிட்ட இருக்கு,” என்று கெட்லர் பதிவேட்டைத் திறந்து படித்தார். “ஒண்ணு, பகா எண். ரெண்டு, தன்னாலயும் ஒண்ணாலயும் மட்டும் வகுபடும். மூணு, மாநிலத்தோட பெருமை.”

“பெருமை கணிதப் பண்பா?”

“பதிவாயிருக்கே.”

ராபே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பேருந்துக்காரர்கள் எழுதுவது போல எண்களைப் பெரிதாக எழுதியிருந்தார். “பாருங்க. பதினாலால வகுத்தா பதினஞ்சு கோடியே முப்பத்து மூணு லட்சத்துத் தொண்ணூத்தி ஓராயிரத்து அறுநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. கச்சிதமா வருது.”

“மீதி என்ன?”

“மீதி இல்லைங்க. சுழியம்.”

“சுழியம்னா?”

“ஒண்ணுமில்ல.”

“எழுதிக்கோங்க, ஃப்ராவ் ஃபோஸ்,” என்றார் கெட்லர். “தன் வாதத்துக்கு மிச்சமா எதுவும் இல்லைன்னு மனுதாரரே ஒத்துக்கிட்டார்.”

எழுதிக்கொண்டேன். ராபே என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

“அது இருக்கட்டும்,” என்று கெட்லர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க இந்த எண்ணை வகுத்தீங்களா?”

“ஆமா.”

“யார் அனுமதி குடுத்தா?”

“வகுக்கிறதுக்கு அனுமதியா? வீட்டுல சமையல்மேசையில உக்காந்து வகுத்தேன், அம்மா.”

“இது பாரம்பரியச் சின்னங்கள் சட்டத்தால பாதுகாக்கப்பட்ட எண், ஹெர் ராபே. உடைக்கக் கூடாது, துண்டாக்கக் கூடாது, பங்கு போடக் கூடாது. நீங்க பதினாலு துண்டாக்கியிருக்கீங்க. நல்லவேளை, தாள்ல பண்ணீங்க. கல்லுல பண்ணியிருந்தா போலீஸ் வந்திருக்கும்.”

கெட்லர் சிரிப்பார் என்று ராபே காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கெட்லர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினார். பாதுகாக்கப்பட்ட எண்ணை வகுத்துப் பார்க்க அனுமதி கோரும் விண்ணப்பம், மூன்று பிரதி.

சின்னங்கள் துறையிலிருந்து பதில் வர ஏழு வாரம் ஆனது. அனுமதி கிடைத்தது. ஆனால் முழு எண்ணுக்கும் இல்லை. முதல் நான்கு இலக்கங்களை மட்டும், தகுதியுள்ள அதிகாரியின் மேற்பார்வையில், மென்மையாக வகுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

ஜூலை மாதம் கூட்ட அறையில் வைத்து வகுத்தோம். வகுத்தவர் கெட்லர், வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டார். 2147 என்று பலகையில் எழுதினார். இரண்டால் வகுத்தார், மீதி ஒன்று. ஏழால் வகுத்தார், மீதி ஐந்து.

“இருக்கு பாருங்க மீதி,” என்றார்.

“மிச்ச ஆறு இலக்கத்தை விட்டுட்டீங்களே!” ராபே எழுந்து நின்றார், முதுகு பிடித்துக்கொண்டது, மறுபடி உட்கார்ந்தார். “பாதி பஸ்ஸைப் பாத்துட்டு டிக்கெட் எடுக்காத ஆளே இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்குங்க இது.”

“அனுமதிச்ச பகுதியை முழுசா ஆராய்ஞ்சாச்சு. ஃப்ராவ் ஃபோஸ், எழுதுங்க. எண் இரண்டாலும் வகுபடாது, ஏழாலும் வகுபடாது.”

அந்த நாள்தான் எனக்குப் பசித்த நாள். உணவகத்துக்குப் போகும் வழியில் படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் “மால்ட்சைட்” என்றார்கள். எங்கள் அலுவலகங்களில் பதினொரு மணிக்கு மேல் வணக்கம் என்று யாரும் சொல்வதில்லை, நல்ல சாப்பாடு என்றுதான் சொல்வோம். நானும் “மால்ட்சைட்” என்றேன். வாசலில் ராபே ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நீங்களாவது சொல்லுங்கம்மா,” என்றார். “நாலு இரட்டைதானே? எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருச்சா?”

“நான் குறிப்பு எழுதறவ, ஹெர் ராபே,” என்றேன். அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு சாசேஜ் தின்னப் போனேன். என்னைப் பற்றி நான் ஏன் இனிப்பாகச் சொல்ல வேண்டும்?

இறுதி விசாரணை ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி. அதற்குக் கோப்பில் அந்த எண்ணின் மூலச் சான்றிதழை இணைக்க வேண்டும் என்று சொன்னதால் முந்தின வாரம் நிலவறைக்குப் போனேன். கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு சாக்குக்கு அடியில் உடைந்த கல்துண்டு ஒன்று கிடந்தது. பழைய கல். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் நிலக்கரி லாரி பின்னால் வந்து அதை இடித்துவிட்டது. புதுக் கல் செய்யச் சொன்னார்கள். அந்தத் துண்டில் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் பிழைத்திருந்தன: 647.

அறுநூற்று நாற்பத்தேழு. புதுக் கல்லில் அறுநூற்று எழுபத்து நான்கு.

புதுக் கல்லுக்கான கோப்பைத் தேடி எடுத்தேன். கல்தச்சருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் இருந்தது. கீழ் மூலையில் தட்டச்சு செய்தவரின் பெயரெழுத்து: இ. ஃபோ.

நிலக்கரிப் பெட்டி மேலேயே உட்கார்ந்தேன். எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றிருந்த தலைவர் தொலைபேசியில் எண்ணைச் சொன்னார். நான் புது மின் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். பேனா என்றால் இடம் விட்டு எழுதிப் பின்னால் வரலாம். இயந்திரம் பின்னால் வராது. முதல் எட்டு இலக்கத்தை அவர் நிதானமாகச் சொன்னார், நானும் காது கேட்டதை மனதில் திருப்பிப்போட்டு ஒழுங்காகத் தட்டினேன். அப்போது பன்னிரண்டு மணி அடித்தது. “ஏழும் நாற்பதும், மால்ட்சைட்!” என்று சொல்லி வைத்துவிட்டார். அவசரத்தில் கேட்ட வரிசையிலேயே தட்டிவிட்டேன். ஏழு. நாலு.

2147483647 உண்மையிலேயே பகா எண். அதை எதைக் கொண்டும் வகுக்க முடியாது. இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற எண் அது, அழகான எண். அதன் வாலை நான் திருகினேன், அதற்குப் பிறகு அந்த அழகற்ற இரட்டை எண்ணுக்கு முப்பது மலர்வளையம் போட்டிருக்கிறோம்.

தலைவர் டாக்டர் சீவர்ஸின் அறைக்குக் கல்துண்டையும் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ரப்பர் செடியின் இலைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, கல்லைத் திருத்துங்கள், அந்த மனிதருக்கு மூன்று மதிப்பெண்ணைக் கொடுங்கள் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “ஆக, நம்ம எண் பகா எண்தான்!”

“ஹெர் டாக்டர், நம்ம எண் பகா எண். ஆனா கல்லுல இருக்கிறது நம்ம எண் இல்ல.”

“கல்லு பாதுகாக்கப்பட்டது, அதைத் தொட முடியாது. பதிவேடு சரி. முன்னாள் தலைவர் சொன்னது சரி. நீங்க கேட்டதைத்தான் அடிச்சிருக்கீங்க, அதுவும் சரி. எல்லாமே சரியா இருக்கறப்ப தப்பு எங்க இருக்கு?” துணியை மடித்து வைத்தார். “வாசிக்கிறவன் கிட்ட இருக்கு, ஃப்ராவ் ஃபோஸ். எழுதிக்கோங்க.”

அன்று மாலை அறிவிப்பாணை எண் 17 வெளிவந்தது. பதிவகம் பதிந்த இலக்கங்களை அவை நிற்கும் வரிசையிலேயே வாசிக்க வேண்டும்: கடைசி இரண்டில் முதலில் நிற்பது ஒன்றுகள், அடுத்து நிற்பது பத்துகள். எனவே கல்லின் முடிவில் உள்ள 74 என்பதை ‘ஏழும் நாற்பதும்’ என்றே வாசிக்க வேண்டும். பதிவகம் பதிந்த இலக்கம் எதையும் பிழை என்று யாரும் கூறலாகாது. தலைவரே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முயலைப் பிடித்து நான்காவது காலை வெட்டுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

விசாரணைக்கு ராபே பழுப்புக் கோட்டு போட்டு வந்தார். கோட்டு திருமணத்துக்குத் தைத்தது போலிருந்தது, பித்தான் போட முடியவில்லை. தேதி ஆகஸ்ட் இருபத்தொன்பது. பள்ளிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

“ஹெர் ராபே,” என்று தொடங்கினார் சீவர்ஸ், “ஒரு எண்ணை அதோட கடைசி இலக்கத்தை வெச்சு எடை போடறீங்க. கடைசி இலக்கம்னா என்ன? ஒன்றுகளோட இடம். பத்துப் பதவியில கடைசிப் பதவி. நான் இந்த அலுவலகத்துல இருபது வருஷமா இருக்கேன், கடைசிப் பதவியில இருக்கிறவன் சொன்னதைக் கேட்டு ஒரு முடிவும் எடுத்ததில்ல. மேல இருக்கிற ஒன்பது இலக்கம் வாயே திறக்கல. கீழ இருக்கிற ஒருத்தன் மட்டும் ‘நான் இரட்டை’ங்கிறான். பெரும்பான்மையைப் பாக்க வேண்டாமா?”

“எண்ணிப் பாத்தேன், ஹெர் டாக்டர்,” என்றார் ராபே. “பத்து இலக்கத்துல ஆறு இரட்டை, நாலு ஒற்றை.”

கெட்லர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, தலைவரின் பார்வை பட்டதும் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

“பெரும்பான்மைங்கிறது எண்ணிக்கையைப் பொறுத்தது இல்ல,” என்றார் மாநில எண் பதிவகத்தின் தலைவர்.

அதை எழுதும்போது என் பேனா நின்றது. அருவருப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை நான் அழுகிய மீனுக்கும் வடிகாலுக்கும்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அன்று அது மனிதர்கள் மீது வந்தது. அவர் மீது பாதி, என் மீது பாதி.

பிறகு அறிவிப்பாணையைப் படித்தார்கள். ராபே இருமுறை திருப்பிப் படிக்கச் சொன்னார்.

“அப்போ... எழுபத்து நாலுன்னு எழுதியிருந்தா நாப்பத்தேழுன்னு படிக்கணுமா?”

“பதிவகம் எழுதியிருந்தா.”

“நான் படிச்சுக்கிட்டிருந்தப்ப இந்த ஆணை இல்லையே?”

“உண்மை அப்பவும் இருந்துச்சு,” என்றார் சீவர்ஸ் அன்பாக. “எண்ணைச் சரியா வாசிக்கத் தெரியாத ஒருத்தர் கையில நம்ம பிள்ளைங்களை எப்படிக் குடுக்கிறது, சொல்லுங்க?”

ராபே வகுத்தல் எழுதியிருந்த தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். “சரிங்க,” என்றார். “அந்தப் பிள்ளைங்க இன்னும் குதிச்சுக்கிட்டிருக்கும்.” முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

தலைவர் எழுந்து ஜன்னலருகே போனார். பன்னிரண்டாகப் போகிறது. அவருடைய நாசி உணவகத்துப் பக்கம் திரும்பியிருந்தது. “முடிவை எழுதுங்க, ஃப்ராவ் ஃபோஸ். ஆட்சேபம் தள்ளுபடி. மனுதாரரோட மதிப்பெண் மாற்றமில்லாம நீடிக்குது. மொத்தம்...” தாளைப் பார்த்தார். “எட்டும் ஐம்பதும்.” மணி அடித்தது. “மால்ட்சைட்!”

இப்போது எங்களிடம் இருப்பது கணினி. அதில் பின்னால் போகலாம், இடையில் நுழைக்கலாம், எதையும் திருத்தலாம். நான் போகவில்லை. காதில் விழுந்த வரிசையிலேயே தட்டினேன். எட்டு. ஐந்து.

85.

சாப்பிட்டு வந்த சீவர்ஸ் பல்லைக் குத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கெட்லர் முத்திரை குத்தினார். தேர்ச்சியா தோல்வியா என்று நாங்கள் எழுதுவதில்லை. அதை மதிப்பெண்ணைப் பார்த்து அமைச்சகத்துக் கணினிதான் சொல்லும். கணினிக்கு எங்கள் பேச்சுவழக்கு தெரியாது. மறுநாள் காலை ஹென்னிங் ராபேக்கு ‘மிக நன்று’ என்று சான்றிதழ் போனது.

ஆறு வாரம் யாரும் கவனிக்கவில்லை. அக்டோபரில், மலர்வளையத்துக்கு முந்தின நாள், கெட்லர் கோப்போடு என் மேசைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. தனியாக இருக்கும்போது நாங்கள் பேர் சொல்லி, நீ என்றுதான் பேசுவோம்.

“இர்மெலா, அந்தப் பஸ்காரருக்கு எண்பத்தஞ்சுன்னு போட்டிருக்கியே!”

“இலக்கம் நிற்கிற வரிசையில வாசி.”

“எட்டு... அஞ்சு...”

“ஆணை பதினேழு. முதல்ல நிற்கிறது ஒன்றுகள்.”

“எட்டும்... ஐம்பதும்.” அவர் உதடு நின்றது. “ஆனா அமைச்சகம் எண்பத்தஞ்சுன்னுல்ல படிச்சிருக்கு!”

“அப்போ வாசிக்கிறவங்க கிட்டதான் தப்பு. போய்த் தலைவர் கிட்ட சொல்லு. 85 ஐம்பத்தெட்டு இல்லைன்னு அவர் எழுதிக் குடுத்தா, கல்லுல இருக்கிற 74 நாற்பத்தேழு இல்லைன்னும் எழுதிக் குடுக்கணும். நானே தட்டிக் குடுக்கிறேன்.”

முற்றத்தில் வாத்தியக்காரர்கள் ஒத்திகைக்கு ஊத ஆரம்பித்திருந்தார்கள். கெட்லர் கோப்பை மூடி, அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“மால்ட்சைட்,” என்றார்.

மணி அப்போது ஒன்பதரைகூட ஆகவில்லை.